ஃப்ரொஸ்டட் கண்ணாடி உருவங்கள்: திருகோணமலைக் காற்றில் வைத்துப் பார்த்தபின்

வீடு உப்புவெளிப் பக்கம், ஃப்ரொஸ்டட், அதாவது மேற்பரப்பை மங்கலாக்கிய, கண்ணாடிப் பெண்ணுருவம் ஒன்றின் விலை இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உயரம், எடை, ஈயம் கலந்ததா இல்லையா என்பதெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் வாய் திறக்காத ஒன்று, அந்த மங்கல் மேற்பரப்போடு கடலோரத்தில் காலம் தள்ளுவது. அதைப் பற்றித்தான் இது.

முதலில் மங்கலின் பக்கத்து நியாயம். மனித உருவத்துக்குத் தெளிந்த கண்ணாடி சரிவராது. முகத்தை முகமாகக் காட்டுவது நிழல்தான்: மூக்கின் சரிவு, இமைக்குக் கீழுள்ள பள்ளம், உதட்டோரம். தெளிந்த கண்ணாடியில் ஒளி மேலே தங்காமல் உள்ளே புகுந்து, முதுகுப்பக்க வளைவுகளில் முறிந்து வெளிவருகிறது. முன்னால் நின்று பார்த்தால் முகத்துக்குள் கொண்டை தெரியும். குதிரை, மீன், அன்னம் என்றால் வெளிக்கோடே போதும். மெருகிட்ட கண்ணாடி அதற்குத் தாங்கும். முகத்துக்கு மேற்பரப்பில் ஒளி சிதற வேண்டும். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லலீக் இதைக் கரைத்துக் குடித்தவர். 1927இல் வந்த அவருடைய பக்காந்த் பூச்சாடியில் பெண்ணுருவங்கள் வரிசையாக எழுந்து நிற்கும். மங்கலும் மெருகும் சேர்ந்துதான் அந்த மேனிக்குத் திரட்சி கொடுக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது நல்ல ஃப்ரொஸ்டட் முகத்துக்கு ஈடாக இந்த வகையில் வேறொன்றும் இல்லை.

இனி எரிச்சல். மங்கல் என்பது நிறமல்ல, குழி. அமிலத்தில் தோய்த்தால் நுண்ணிய குழிகள். மணல் வீசி அடித்தால் கரடுமுரடான குழிகள். எது அந்தக் குழியை நிரப்புகிறதோ, அது மங்கலை அழிக்கும். ஒளிமுறிவெண், அதாவது ஒளியை முறிக்கும் அளவு, கண்ணாடியுடையதை நெருங்க நெருங்க மங்கல் மறையும். தண்ணீருக்கு அது 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. ஆகவே நனைந்தால் பாதி தெளியும், காய்ந்ததும் மங்கல் திரும்பும். தேங்காய் எண்ணெய் 1.45, கண்ணாடிக்கு மிக அருகில். அதனால் ஒரு விரல் பட்ட இடம், தாளிப்புப் புகை படிந்த இடம், காயாமல் தெளிந்த பொட்டாகவே நின்றுவிடும். மணல்வீச்சுப் பரப்பில் இது இன்னும் மோசம். சில மலிவுச் சிலைகளில் இதை மறைக்க மெழுகோ சிலிக்கோன் எண்ணெயோ பூசி விற்பார்கள். அது தேயும்போது சிலை முழுக்கத் தேசப்படம்போலத் திட்டுத்திட்டாகிவிடும்.

எண்ணெயைக்கூடப் பொறுக்கலாம். உப்பைத்தான் பொறுக்க முடியாது. ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். வாடைக்காலத்தில் டச்சுக்குடாப் பக்கத்துத் திறந்த ஜன்னலோரம் வைத்த சிலையில் இந்தக் கரைதலும் காய்தலும் மாறிமாறி நடக்கும். ஈரம் தங்கி நின்றால் கண்ணாடியின் சோடியம் அதில் இறங்கி நீர்ப்படலம் காரமாகும். காரத்தின் அளவான பிஎச் 9க்கு மேலே போனால் கண்ணாடியின் உடலான சிலிக்காவே கரையத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை, ஆனால் திரும்பாத வேலை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் உப்பு குறைவு, புழுதி அதிகம். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு, அது கண்ணாடியைவிடக் கடினம். உலர்ந்த துணியால் துடைத்தால் மங்கலின் மேல் கீறல்தான் மிச்சம்.

கழுவும் முறை. மோதிரம், மணிக்கூடு கழற்றிவிட்டு நைட்ரைல் கையுறை போடுங்கள். பிளாஸ்டிக் பேசினின் அடியில் மடித்த துவாய். அறை வெப்பநிலைத் தண்ணீர். ஏசி அறையிலிருந்து எடுத்த சிலையைச் சுடுநீரில் இறக்கினால் வெடிக்கும். சிலையின் கையைப் பிடித்துத் தூக்காமல் அடித்தளத்தை இரு கையாலும் ஏந்துங்கள். முதலில் தேய்க்காமல் தண்ணீரை ஊற்றி உப்பையும் மணலையும் ஓடவிடுங்கள். பிறகு ஒரு லீற்றருக்கு இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். முடிக்கற்றை, உடைமடிப்புகளுக்கு மென்மையான தூரிகை. அழுக்கான இடத்தை மட்டும் கழுவினால் திட்டு விழும், முழுதாகக் கழுவுங்கள். கடைசி அலசல் கிணற்று நீரில் வேண்டாம், சுண்ணாம்புப் புள்ளி விடும். பற்றரிக்கு விடும் வடிநீர் போதும். அதே கடையில் பற்றரி அசிட்டும் இருக்கும், லேபலைப் பார்த்து வாங்குங்கள். பழைய பருத்திச் சாரத்தால் ஒற்றி, ஃபானுக்குக் கீழே காயவிடுங்கள். பொன்பூச்சு, வண்ணம், ஒட்டிய அடித்தளம் உள்ளவற்றை அமிழ்த்தக் கூடாது.

எண்ணெய்ப் பொட்டுக்கு ஐசோபுறொப்பைல் அல்கஹோல். பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டால் ஆமணக்கெண்ணெய் கலந்த வகை கைக்கு வரக்கூடும். ஒரு பொட்டைப் போக்கப்போய்ச் சிலை முழுக்கப் பொட்டாகும்.

அலுமாரியைப் பொறுத்தவரை பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமும் இறுக்கமான ரப்பர் பட்டியும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலிருந்து வரும் ஃபோர்மிக் அமில ஆவி கண்ணாடியின் சோடியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகும். கதவு இடுக்கு விட்டால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வெறும் அலங்காரம், சில நாட்களில் நிறைந்துவிடும். ஏசி அறையும் ஆபத்தே: வெளியே 30 பாகை, 75 வீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 பாகை. 22 பாகையில் குளிர்ந்த சிலை, கரண்ட் போய்க் கதவைத் திறந்ததும் வியர்க்கும்.

உடைந்தாலும் இதே பாடு. ஒட்டு வெளியே பிதுங்கினால் குழிகளுக்குள் புகுந்து முறிவைச் சுற்றி நிரந்தரக் கோடு போடும். துடைத்தால் பரவும்; பாதி இறுகியதும் கூர்க்கத்தியால் சீவ வேண்டும். சூப்பர் குளூ ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். அருங்காட்சியகங்கள் நம்பும் அக்ரிலிக் ஒட்டான பாராலொயிட் பி-72 ஏறத்தாழ 40 பாகையில் இளகும். கச்சானில் மேற்கு வெயில் படும் அலுமாரிக்குள் அது பெரிய வெப்பமே இல்லை. பாரம் தாங்கும் முழங்கை மூட்டு மெல்லச் சரியும்.

ஆகவே கேட்டவருக்குப் பதில்: கடல் பார்த்த வீட்டுக்கு வேண்டாம். மெருகிட்ட குதிரையோ, ஒளிபுகாக் கண்ணாடியில் செய்த உருவமோ எடுங்கள். கழுவி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெண்ணுருவம் அமில மங்கலாக இருந்து, பக்க வெளிச்சத்தில் இமையின் விளிம்பு தனியாகத் தெரிந்தால், விலை இறங்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். குதிரையை இரண்டாம் தடவை யாரும் பார்ப்பதில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சிலை வருமுன் அலுமாரியைச் செய்வியுங்கள்.