836 டாலரும் ஒரு துண்டுச்சீட்டும்: வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யன் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்றைக்கு வியாழன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, ஆபீஸ் வேலையில் மனசு போகவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதி விடுகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை லாஸ் வேகஸ் கூட்டிப் போய், அங்கிருந்து ஒருநாள் டூரில் கிராண்ட் கேன்யனையும் காட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எங்களுக்குப் போனது 836 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

முதலில் ஏன் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தவர். ஆற்று அரிப்புப் பாடம் வந்தால் கலர் சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகை முழுக்க அடுக்கடுக்காகப் பாறை வரைவார், நடுவில் நீலத்தில் ஒரு கோடு இழுத்து கொலராடோ ஆறு என்று எழுதுவார். நான் அவர் வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தவன். அந்த ஆறு வெட்டிய கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்று வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வேறு காரணம். அந்தப் பள்ளத்தாக்குக்குள் எழும்பி நிற்கும் சில சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்றுதான் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் கீழைத்தேயத்துத் தெய்வப் பெயர்களை வைக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அடியில் கிடக்கும் 170 கோடி வருடப் பழைய பாறைக்கும் விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். அப்பா இதைச் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு, "அங்கே நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடணும்டா" என்று ஒரே பேச்சு.

இப்போது கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நாங்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் என்பது ஒரே இடம் இல்லை. சவுத் ரிம், அதாவது தென் விளிம்பு, தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நாம் படத்தில் பார்க்கும் மேத்தர் பாயிண்ட், யவபாய், ஹோப்பி பாயிண்ட், டெசர்ட் வியூவில் உள்ள கல் கோபுரம் எல்லாம் அங்கேதான். வேகஸிலிருந்து சுமார் 280 மைல், போக மட்டும் நாலரை மணி நேரம். வெஸ்ட் ரிம் என்பது வேறு. ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலம் அது, தேசியப் பூங்காவில் சேராது, 2007-இல் திறந்த கண்ணாடிப் பாலம் இருப்பது அங்கே. வேகஸிலிருந்து 130 மைல் பக்கம், இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் சாலை வழியாகப் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரிந்துதான் சவுத் ரிம் வேண்டும் என்று கேட்டேன். போக வர 900 கிலோமீட்டர் ஒரே நாளில் நானே ஓட்ட பயந்துதான் டூர் தேடினேன்.

ஞாயிறு சாயங்காலம், வேகஸில் காசினோக்கள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் என்ற சாலையில் நடந்து போகும்போது ஒரு டூர் கவுண்டர். நினைவுப்பொருள் கடைக்குள்ளேயே ஒரு மேஜை, பின்னால் பெரிய பெரிய படங்கள். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே எடுத்துக் கொண்டு வந்து போட்டார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். தன் அம்மாவுக்கும் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வேனில் முன் சீட்டு உங்கள் அம்மாவுக்குத்தான், நான் டிரைவரிடம் சொல்லி விடுகிறேன் என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன், சவுத் ரிம்தானே, தேசியப் பூங்காதானே என்று. சவுத் ரிம்தான், ஐந்து வியூ பாயிண்ட், நுழைவுக் கட்டணம் மதியச் சாப்பாடு எல்லாம் அடக்கம், காலை 5:30-க்கு ஹோட்டல் வாசலில் வண்டி, இரவு 9 மணிக்குத் திரும்பலாம் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அம்மா என்னைக் கேட்கச் சொன்னதால் சிவன் கோயில் சிகரம் தெரியுமா என்றும் கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பின்னால் இருந்த படத்தில் ஒரு சிகரத்தில் விரலை வைத்து, அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அம்மா அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

தலைக்கு 149 டாலர், நாலு பேருக்கு 596. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கமாகத் தாருங்கள் என்றார். பக்கத்து காசினோ ஏடிஎம்மில் போய் எடுத்து வந்தேன். என் மனைவி அப்போதே, "கார்டு இல்லன்னா வேற கடை பார்க்கலாமே" என்று காதோடு சொன்னாள். அம்மாவுக்கு நாற்காலி போட்ட மனுஷன் என்று நான் அவளை அடக்கினேன். அவர் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டில் "கிராண்ட் கேன்யன் டூர், 4 பேர், பணம் பெறப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். எந்த ரிம் என்று அதில் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. 596 டாலர் கொடுத்துவிட்டு அந்தச் சீட்டை பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 5:15-க்கே கீழே இறங்கி நின்றோம். வண்டி வந்தது 7:10-க்கு. ஏற்கெனவே எட்டுப் பேர் உள்ளே, முன் சீட்டில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது, அம்மாவுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. முன் சீட்டு விஷயம் யாரும் சொல்லவில்லை என்றார் டிரைவர், அவரேதான் கைடும். ஹூவர் அணை பார்க்க 25 நிமிடம், அது சரி, நன்றாகவே இருந்தது. அப்புறம் சாலையோரத்தில் உலர் இறைச்சி விற்கும் கடை ஒன்றில் 40 நிமிடம். நாங்கள் சைவம், வெயிலில் நின்றோம்.

சவுத் ரிம் போக வேண்டுமென்றால் 93-ஆம் நெடுஞ்சாலையில் நேராக கிங்மன் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி வில்லியம்ஸ் வழியாக வடக்கே ஏற வேண்டும். நான் போனில் மேப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிங்மன் வருவதற்கு வெகு முன்னாலேயே நீலப்புள்ளி நெடுஞ்சாலையை விட்டு இடது பக்கம் பியர்ஸ் ஃபெர்ரி ரோட்டுக்குள் திரும்பியது. அந்த ஒரு நொடியில் வயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. முன்னால் குரல் கொடுத்துக் கேட்டேன். கைடு திரும்பிக்கூடப் பார்க்காமல், இந்த வண்டி எப்போதும் வெஸ்ட் ரிம்தான் போகும், எல்லாம் ஒரே கேன்யன்தான் என்றார். நான் சவுத் ரிம்முக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்றேன். கவுண்டரில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் வண்டியை ஓரம் கட்டி, அடுத்த அடி: நுழைவுக் கட்டணம் உங்கள் சீட்டில் இல்லை, தலைக்கு 60 டாலர். நாலு பேருக்கு 240. சுற்றிலும் யோஷுவா மரங்கள், போனில் சிக்னல் போய்விட்டது, இறங்கி எங்கே போவது? கொடுத்தேன். 596-உம் 240-உம் சேர்த்து 836 டாலர். மற்றவர்கள் எல்லோரும் தெரிந்தே வெஸ்ட் ரிம்முக்கு வந்தவர்கள், அவர்களுக்கு எங்களால் தாமதம் என்று முகம் சுளித்தார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வெஸ்ட் ரிம் மோசமான இடம் இல்லை. குவானோ பாயிண்ட்டில் நின்றால் மூன்று பக்கமும் பள்ளம், கீழே ஆறு தெரிகிறது, ஒரு காலத்தில் வௌவால் எச்சத்தை உரத்துக்காக எடுத்துப்போன கம்பிப்பாதையின் துருப்பிடித்த கோபுரம் இன்னும் நிற்கிறது. தங்கள் நிலத்துக்கு ஹுவாலபாய் மக்கள் வாங்கும் கட்டணத்திலும் எனக்குக் குறை கிடையாது, அங்கே வேலை செய்தவர்கள் அம்மாவைக் கைபிடித்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கு இல்லையே! ஐந்து வியூ பாயிண்ட் என்றவர்கள் காட்டியது இரண்டு. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், அதில் பாதி ஷட்டில் பஸ் வரிசையிலேயே போனது. மதியச் சாப்பாடு எங்கே என்றதற்கு, அதோ கடை இருக்கிறது என்று கை காட்டினார் கைடு.

ஈகிள் பாயிண்ட்டில் எதிரே கழுகு இறக்கை விரித்த மாதிரி ஒரு பாறை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "இதுதானாடா சிவன் கோயில்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் சொன்னார், "இல்ல கமலா, அது கிழக்கால ரொம்ப தூரம். இங்கேர்ந்து தெரியாது." அவருக்கு வண்டி திரும்பும்போதே தெரிந்திருக்கிறது, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். என் மனசு கஷ்டப்படும் என்று வாயைத் திறக்காமல் வந்திருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சனிக்கிழமை இரவு அவர்களுக்குச் சென்னைக்கு விமானம். அப்பாவுக்கு 72 வயது. இன்னொரு தடவை எப்போது வரப்போகிறார்கள்?

சாயங்காலம் 4 மணிக்கே வேகஸில் இறக்கிவிட்டார்கள். நேராகக் கவுண்டருக்குப் போனேன். அந்த ஆள் இல்லை, ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சீட்டு மட்டும்தான் விற்கிறோம், வண்டி விடுவது வேறு ஆட்கள், அவர்களைக் கேளுங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில், நாங்கள் வெஸ்ட் ரிம் மட்டுமே ஓட்டுகிறோம், கவுண்டர்காரர் தப்பாகச் சொன்னால் எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். திரும்பக் கவுண்டருக்கு. மேனேஜர் நாளைக் காலை வருவார். புதன் காலை போனால் அதே ஆள், அம்மாவுக்கு நாற்காலி போட்ட அதே ஆள், என்னைத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சீட்டைக் கேட்டார். மேஜையில் விரித்து, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கிராண்ட் கேன்யன் என்றுதானே, நீங்கள் பார்த்தது கிராண்ட் கேன்யனா இல்லையா என்று கேட்டார். சவுத் ரிம் என்று வாயால் சொன்னீர்களே என்றேன். அப்படிச் சொல்லவே இல்லை என்றார். 836 டாலர் என்றேன், அந்த 240-க்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றார். கடைசியில் பெரிய மனசு பண்ணுகிற மாதிரி ஹெலிகாப்டர் டூருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை நீட்டினார். நான் வாங்கவில்லை. மத்தியானம் அவர் கொடுத்திருந்த வாட்ஸ்அப் நம்பருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, அரை மணி நேரத்தில் பிளாக். போலீஸில் கேட்டதற்கு இது சிவில் விவகாரம் என்று சொல்லி விட்டார்கள். நெவாடா மாநிலத் தலைமை வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) அலுவலகத்துக்கு ஆன்லைனில் நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்ததால் கார்டு கம்பெனி வழியாகக் கேட்கும் வாசலும் அடைத்துவிட்டது. 836 டாலர் போனது போனதுதான் என்று மனைவி சொல்கிறாள்.

எப்படி டூர் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும். சீட்டில் சவுத் ரிம் என்ற இரண்டு வார்த்தை எழுத்தில் இல்லாமல் பத்து பைசா கொடுக்காதீர்கள், எந்தெந்த வியூ பாயிண்ட் என்றும் பெயரோடு எழுதி வாங்குங்கள். ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேகஸிலிருந்து சவுத் ரிம் போய்வர முழு நாளும் வேண்டும், காலை 7 மணிக்கு மேல் வண்டி வந்தால் ஏறுவதற்கு முன்பே எங்கே போகிறது என்று டிரைவர் வாயால் கேளுங்கள், நான் அதைச் செய்திருந்தால் 240 டாலராவது மிஞ்சியிருக்கும். தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்கள், அது வெஸ்ட் ரிம்மில் செல்லாது. முடிந்தால் வில்லியம்ஸிலோ பூங்கா வாசலில் இருக்கும் டுசயனிலோ ஒரு ராத்திரி தங்கி நீங்களே போங்கள், உள்ளே இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது, காருக்கு வாங்கும் நுழைவுச் சீட்டு ஏழு நாள் செல்லும்.

அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துப் போடப் போனேன். அப்பா வாங்கித் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார், புகாருக்கு வேண்டியிருக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று. இதே மாதிரி அந்த ஸ்ட்ரிப் பக்கத்துக் கவுண்டரில் மஞ்சள் சீட்டு வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து இன்னொரு புகார் போடலாம். பெட்டி கட்ட வேண்டும், அம்மா கூப்பிடுகிறார்.