"வீடு உட்காருது, அவ்வளவுதான்" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

குடிவந்த இரண்டாம் வருடம், ஹால் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியது. வீட்டைக் கட்டிக்கொடுத்த மேஸ்திரியைக் கூப்பிட்டேன். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "புது வீடு சார், கொஞ்சம் உட்காரத்தான் செய்யும்" என்றார், அதாவது அடிமண்ணில் லேசாக இறங்குமாம். மறுநாளே ஒரு பையன் வந்து புட்டி அடைத்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். சுவர் பளிச்சென்று ஆனது. நானும் விஷயத்தை மறந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் அதே விரிசல். இந்த முறை கீழே மெல்லிசாகத் தொடங்கி, மேலே போகப் போக அகலமாகி, கடைசியில் ஒரு நாணயமே நுழையும் அளவுக்கு இருந்தது. பக்கத்து அறைக் கதவும் நிலையில் இடிக்க ஆரம்பித்தது. மரம் ஊறிவிட்டது என்று சொல்லி மேஸ்திரி ஒரு தச்சரை அனுப்பினார், அவர் கதவின் மேல் விளிம்பை இழைத்துவிட்டார். ஊறியது மரம் இல்லை, சாய்ந்தது நிலை. இழைத்த கதவை மூடினால் மேலே ஒரு ஓரத்தில் முக்கோணமாக வெளிச்சம் தெரியும். அதைத் தினமும் பார்த்தேன், உறைக்கத்தான் இல்லை.

தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) நடுவே இடைவெளி விழுந்த பிறகுதான் வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்தேன். அவர் சுவர் பக்கமே போகவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கழிவுநீர் சேம்பரின் மூடியைத் திறந்தார், குளியலறையில் ஐந்து வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். சேம்பருக்கு வந்து சேர்ந்தது பாதிகூட இல்லை.

தோண்டிப் பார்த்தால் குழாயின் இணைப்பு கழன்று கிடக்கிறது, அந்த மூலையில் மண் கூழாக இருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டேன். "ஆமா சார், அங்க முன்னாடி ஒரு குழி இருந்துச்சு, மண்ணு கொட்டி மூடினோம்" என்றார், மிகச் சாதாரணமாக. தெரிந்தே விரிசலைப் புட்டியால் அடைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு மொத்தமும் சமமாகக் கொஞ்சம் இறங்கினால் சுவருக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது. பூச்சில் வலை வலையாக ஓடும் மயிரிழை விரிசலுக்கும், தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேராக வரும் கோட்டுக்கும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்பிலேயே படிக்கட்டு மாதிரி ஏறுவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது, ஒரு முனையில் அகலமாக இருப்பது, இவற்றைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். அதே பக்கத்தில் கதவும் இடித்தால் அந்த மூலை இறங்குகிறது என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். பிரிட்டனில் கட்டட ஆய்வு நிறுவனம் வகுத்த அளவுகோலில் விரிசலின் அகலம் 1 மில்லிமீட்டர் வரை என்றால் சாதாரண பெயின்ட் வேலை, 5 வரை பூச்சு வேலை, 15-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளையே இடித்துக் கட்டும் வேலை.

அகலத்தைவிட முக்கியம், விரிசல் நகர்கிறதா என்பது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். இன்ஜினியர் இன்னொன்றும் செய்தார்: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு ஓரத்தையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டினார். பத்தொன்பதாம் நாள் காலையில் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. புட்டி அடைத்தால் இந்தச் சாட்சியெல்லாம் போய்விடும். அவசரப்பட்டு அடைக்க விடாதீர்கள், அடைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாயை மாற்றினோம். அந்த மூலையின் அஸ்திவாரத்துக்கு அடியில் துண்டு துண்டாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டார்கள், ஒரே மூச்சில் தோண்டினால் உள்ள தாங்கலும் போய்விடுமாம். ஒரு வருடமாவது அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விரிசலை மூடலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். இப்போது ஹால் சுவர் முழுக்கப் பென்சில் தேதிகள்.

போன வாரம் மேஸ்திரி போன் செய்தார். சுவர் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், பெயின்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்டார்.