ஒழுகும் ஏ.சி. பம்பு: கிட் போடுவதா, புதுசு மாட்டுவதா, எலக்ட்ரிக்குக்குப் போவதா?

எங்கள் வீட்டுப் பத்மினி கார் 1978 மாடல், அப்பச்சி வாங்கியது. பள்ளத்தூரில் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. கல்யாணம், படைப்பு, கோவில் என்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே வரும். போன பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போய்த் திரும்பிய ராத்திரி, கொட்டகைக் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் ஏ.சி. பம்பின் அடிவயிற்றில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, விளிம்பில் ஆடி, விழுந்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் படுக்கப் போனேன்.

ஏ.சி. என்பது அந்தக் காலத்தில் இந்த வகைப் பம்பு செய்த ஒரு கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனி பம்பாக இருந்தாலும் நம் பட்டறைகளில் அது ஏ.சி. பம்புதான். வேலை எளிது. இன்ஜினில் சுற்றும் கேம்ஷாஃப்ட்டின் மேடு லீவரைத் தள்ளும், லீவர் டயாப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகட்டை இழுக்கும், டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஸ்பிரிங் டயாப்ரத்தைத் திருப்பித் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். சுமார் 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம், அவ்வளவுதான்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு எனாமல் தட்டைக் கீழே வைத்து, பம்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பின் கை லீவரை நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். ஓஸ் முனையில் ஈரம் வந்தால் கிளிப்போ ஓஸோ மாற்றினால் போதும், பம்பைத் தொடவே வேண்டாம். இரண்டு பாதி சேரும் இடத்தில் கசிந்தால் திருகு தளர்ந்திருக்கும், அல்லது விளிம்பு வளைந்திருக்கும். அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வந்தால் டயாப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டை அதற்காகவே வைத்தது. எம்சீல் வைத்து அடைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடைத்தால் பெட்ரோல் வெளியே வராமல் ஆயிலுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் வந்தால், பம்பு வேலையோடு ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

என் வண்டியில் கிழிந்தது டயாப்ரம்தான். காரைக்குடியில் ஒரு பட்டறையில் கேட்டதும், "புதுப் பம்பு மாட்டிக்குங்க தம்பி, அரை மணி வேலை" என்றார்கள். இன்னொரு பெரியவர் பழைய பம்பை வாங்கி, விரலால் பாதையை அடைத்து, லீவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பாடியும் லீவரும் அப்படியே இருக்கு. இதைத் தூக்கிப் போடாதீங்க" என்றார். எனக்கு அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

கிட் என்றால் டயாப்ரம், வால்வு, பாக்கிங், சில சமயம் ஸ்பிரிங். புதுப் பம்பை விட விலை ரொம்பக் குறைவு. ஆனால் எந்த ரப்பர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும் கிடைக்கிறது. பழைய ரப்பர்கள் பல எத்தனால் பட்டால் ஊதும், இல்லை விறைத்து வெடிக்கும். முதலில் ஒரு கடையில் வாங்கிய கிட்டில் இரண்டு டயாப்ரம் இருந்தது. ஒன்றைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டேன். பிறகு பெட்ரோல் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடி, வெளியே நிழலில் ஒரு வாரம் வைத்தேன். எடுத்து அதே கோட்டில் வைத்தால் நாலு பக்கமும் கோட்டைத் தாண்டி நிற்கிறது, ஓரம் அப்பளம் போல அலை அலையாக. அந்தக் கிட்டை மாட்டவே இல்லை. எத்தனால் தாங்கும் ‘விட்டான்’ (Viton) ரப்பர் என்று சொல்லிக் கேட்டு வாங்கிய இன்னொன்று அதே வாரக் கணக்கில் கோட்டுக்குள்ளேயே இருந்தது. கிட் வாங்கும் யாரும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மாட்டுங்கள்.

பிரிக்கும் முன் இரண்டு பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கீறல் போட்டுக்கொண்டால் திரும்பச் சேர்க்கும்போது திசை மாறாது. விளிம்பு வளைந்திருந்தால் கண்ணாடி மேல் எமெரி காகிதத்தை விரித்து, எட்டு போடுவது போலத் தேய்த்துச் சமன் செய்யலாம். திருகுகளை இறுக்கும்போது லீவரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் டயாப்ரம் விறைப்பாக நின்று, ஓடும்போது சீக்கிரமே கிழியும். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பழைய பாக்கிங் எவ்வளவு கனம் இருந்ததோ அதே கனம் திரும்ப வர வேண்டும். கனம் கூடினால் லீவருக்கு இழுப்பு குறையும், குறைந்தால் லீவர் மேல் பாரம் ஏறும்.

பழைய மெக்கானிக்குகள் பெட்ரோல் படும் பாக்கிங்கிலும் ஷெல்லாக் தடவுவார்கள். இப்போது அது வேண்டாம். எங்கள் வீட்டு பர்மா தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போட வரும் ஆசாரி, ஸ்பிரிட்டில் கரைப்பது அதே அரக்கைத்தான். ஆல்கஹாலில் கரையும் பசையை ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்கு அணை கட்ட நம்ப முடியாது.

சரி, புதுப் பம்பு? தினமும் ஓட்டும் வண்டி, நாளைக்கே வேண்டும் என்றால் அதுதான் வழி. லீவர் தேய்ந்து, பின் ஆடி, பாடியில் விரிசலும் இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, புதுசுதான். ஆனால் இப்போது வருகிற பல பம்புகள் விளிம்பை மடித்து மூடியவை. கெட்டால் பிரிக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் அழுத்தம் கூடி, கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும். தேவகோட்டையில் ஒரு நண்பரின் பியட்டில் (பத்மினியையும் பழக்கத்தில் பியட் என்போம்) இப்படித்தான் ஆனது. பம்பு மாற்றிய பிறகு வாடை கூடியிருந்தது, ஆனால் இந்தத் தடவை கார்புரேட்டரிலிருந்து. மாட்டும்போதே ஒரு பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய லீவரையும் புதுசையும் அருகருகே வைத்து நீளமும் வளைவும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் பாடிக்காக வாங்கலாம். உள்ளே டயாப்ரம் முப்பது வருஷம் காய்ந்து கிடந்தது, எப்படியும் கிட் போட்டாக வேண்டும்.

எலக்ட்ரிக் பம்பில் ஒரு பெரிய நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் காரைக்குடியில் கூட்டத்தில் நின்று நின்று போகும்போது, ஏ.சி. பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிய பழக்கம் பியட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரிக் பம்பை டேங்க் பக்கத்தில், தாழ்வாக வைத்தால் அது பின்னாலிருந்து தள்ளும், அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மாதக் கணக்கில் நின்ற வண்டியும் செல்ஃபை நீளமாக அடிக்காமல் ஸ்டார்ட் ஆகும்.

ஆனால் வண்டி எங்காவது மோதி இன்ஜின் நின்றாலும் சாவி போட்டிருக்கும் வரை அது பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் ரிலேயும், ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் கரண்டை வெட்டும் ஸ்விட்சும் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்பாகவும் இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பு 40 பிஎஸ்ஐ-க்கு மேல் தள்ளும். இன்னொன்று, கிழிந்த ஏ.சி. பம்பை அப்படியே விட்டு அதன் வழியாகவே எலக்ட்ரிக் பம்பு தள்ளினால், பெட்ரோல் நேராக ஆயில் சம்பில் போய் இறங்கும். பழையதைக் கழற்றி, பிளாக்கில் தட்டு வைத்து மூட வேண்டும்.

நான் கிட் போட்டேன். ஓஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் இளையாத்தங்குடியில் தொடங்கி நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவிலையும் சுற்றினேன். மதியம் வைரவன்பட்டி தாண்டி ஒரு தடவை இன்ஜின் திணறியது. ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் நிழலில் நிறுத்திய பிறகு சரியாகப் போனது. பிள்ளையார்பட்டியில் முடித்துக்கொண்டு வீடு வந்ததும் டிப் ஸ்டிக்கை முகர்ந்தேன். வெறும் ஆயில் வாடைதான்.

சென்னையில் தினமும் டிராஃபிக்கில் பத்மினி ஓட்டும் என் தம்பி, அந்தத் திணறலைக் கேட்டுவிட்டு எலக்ட்ரிக் போடுவதாகச் சொல்கிறான். அவன் ஓட்டும் ஓட்டத்துக்கு அது சரிதான். கட் ஆஃப் ஸ்விட்சோடு போடச் சொல்லி, கழற்றும் ஏ.சி. பம்பை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு விட்டான் டயாப்ரம் வாங்கி வைத்துவிட்டேன்.