நடுவழியில் லைட் போனால்: நாமே மாற்றலாமா, கடை தேடலாமா, சமாளித்து ஓட்டலாமா?

ராத்திரி விக்கிரவாண்டி தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது காரின் ஒரு பக்க ஹெட்லைட் போய்விட்டது என்று வையுங்கள். கையில் ஸ்பேர் பல்பு இருந்தால் நாமே மாற்றலாம், வழியில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை தேடலாம், உதவிக்கு போன் போடலாம், இருக்கிற வெளிச்சத்தில் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். இது போதாதென்று "பேசாம எல்லாத்தையும் எல்இடியா மாத்திடுங்க" என்று சொல்லவும் ஆள் இருக்கும். என் ஓட்டு முதல் வழிக்குத்தான். ஆனால் அது எல்லா வண்டிக்கும் ஒத்துவராது.

முதலில் போனது எந்த விளக்கு என்று பாருங்கள். ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரிகிறது, அதனால் பதறுகிறோம். பிரேக் லைட் போனால் நமக்குத் தெரிவதே இல்லை, பின்னால் வேகமாக வருகிறவர்தான் கடைசி நொடியில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் நாலுவழிச் சாலையில் பின்னால் வெளிச்சம் இல்லாமல் போகிற வண்டி என்பது நிஜமான உயிர் ஆபத்து. ஆகவே என் வரிசையில் பிரேக் லைட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் முதலில், அப்புறம் ஹெட்லைட், அப்புறம் பின் இண்டிகேட்டர், முன் இண்டிகேட்டர் கடைசி. தனியாகப் போகிறவர்கள் பெட்ரோல் பங்க் சுவருக்கோ மூடிய கடை ஷட்டருக்கோ முதுகு காட்டி வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதித்தால் போதும், சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுகிறதா என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, போனது பல்புதானா? ஒரு பக்கம் மட்டும் இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக டிக்டிக்கென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம், லோடு, அதாவது பல்புகள் இழுக்கிற கரண்ட், குறைவதை வண்டி அப்படித்தான் தெரிவிக்கிறது. இரண்டு பக்கமும் சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸையோ, இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கிற ஃப்ளாஷர் ரிலேயையோ பாருங்கள். மேலே இருக்கிற மூன்றாவது விளக்கு உட்பட எல்லா பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் போனால் அது பல்பு இல்லை, மூன்றும் ஒன்றாகப் போகாது. ஃப்யூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கிற பிரேக் சுவிட்ச். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா? அது எர்த் (கரண்ட் பாடி வழியாகத் திரும்புகிற இணைப்பு) கோளாறு, பல்பு மாற்றி மாற்றிப் பார்த்தாலும் சரியாகாது.

சரி, பல்புதான் என்று வைத்துக்கொள்வோம். நாமே மாற்றுவதில் இருக்கிற பெரிய லாபம் நேரம். கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊரில் ஓடுகிற சின்ன, நடுத்தர வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு எச்4 பல்பு, 60/55 வாட், ஒரே பல்புக்குள் டிம்முக்கும் பிரைட்டுக்கும் இரண்டு இழை. கப்ளரை (பல்பின் பின்னால் ஒயரோடு செருகியிருக்கிற பிளக்கை) நேராகப் பின்னால் இழுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி கிளிப்பை அமுக்கி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். அதன் வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும், அதில் அகலமானது மேலே வரவேண்டும். அது சரியாக உட்காராமல் கிளிப்பை அழுத்தினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரத்தில் போய் விழும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் ஒட்டிய இடம் சூடேறி பல்பு சீக்கிரமே போய்விடும். எரிந்துகொண்டிருந்த பழைய பல்பைத் தொடும் முன் விளக்கை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள், தோல் பொசுங்கிவிடுகிற சூடு அது.

இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் இதைவிட எளிது, அமுக்கி இடது பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். ஆனால் வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம். வெள்ளைக் கண்ணாடி 21 வாட் பல்பில் உலோக அடிப்பகுதியின் பக்கவாட்டில் இருக்கிற இரண்டு குமிழ்கள் நேரெதிரே இருக்கும். ஆரஞ்சுப் பல்பில் அவை கொஞ்சம் கோணலாகத் தள்ளி இருக்கும், ஒன்றின் ஹோல்டரில் மற்றது போகாது. பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து இரண்டு இழை உள்ள 21/5 வாட் பல்பில் குமிழ் ஒன்று மேலே ஒன்று கீழே. கடையில் "இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தால் பாதி நேரம் தப்பானதுதான் கைக்கு வரும். ஒரு பகல் நேரம் பார்த்து உங்கள் வண்டியில் இருக்கிற பல்பைக் கழற்றி அதன் அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பதைப் போன் கேமராவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி எங்கே தோற்கும் என்றால், கை நுழையாத வண்டிகளில். சில மாடல்களில் பேட்டரியை நகர்த்த வேண்டும், சிலவற்றில் சக்கரத்துக்கு மேல் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டும், இன்னும் சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு லாரிகள் சீறிக்கொண்டு போகிற சாலையோரத்தில் அதைச் செய்யாதீர்கள். எந்த வண்டியாக இருந்தாலும் டோல்கேட், பங்க், ஹோட்டல் என்று வெளிச்சமும் இடமும் உள்ள இடத்துக்குப் போன பிறகுதான் பானெட்டைத் திறக்கவேண்டும்.

கடை தேடுவது என்றால், நம் நெடுஞ்சாலைகளில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை, நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்களில் கேட்கவே வேண்டாம். அவர்களிடம் இருக்கிற கைத்திறனை நான் ரொம்ப மதிக்கிறேன். ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர், ஒரு ஒயரின் நுனியில் கிளிப்: இதுதான் டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பாடியில் மாட்டிவிட்டு இன்னொரு நுனியால் ஹோல்டருக்குள் தொட்டுப் பார்க்கிறார். எரிந்தால் கரண்ட் வருகிறது, குறை பல்பிலோ எர்த்திலோதான். அப்புறம் ஹோல்டரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்து, "அண்ணே, பல்பு மட்டும் போட்டா நாளைக்கே திரும்ப வருவீங்க, ஹோல்டர் உருகியிருக்கு" என்கிறார். இதை நாம் எத்தனை ஸ்பேர் வைத்திருந்தாலும் செய்ய முடியாது. எர்த், ஒயரிங், ரிலே என்று சந்தேகம் வந்தால் கேள்வியே இல்லாமல் இந்த வழிதான்.

ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும். பெரிய லாரிகளும் பஸ்களும் ஓடுவது 24 வோல்ட்டில், நம் கார் 12 வோல்ட். லாரிக் கடையில் அவசரத்தில் 24 வோல்ட் பல்பு கைமாறி வந்துவிட்டால் காரில் அது பொருந்தும், எரியவும் செய்யும், சிவந்து மங்கலாக எரியும். பல்பின் அடியில் 12வி என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். இன்னொன்று, "100/90 வாட் போட்டுக்கங்க சார், பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். கம்பெனி ஒயரிங்கும் ஹோல்டரும் 60/55-க்குக் கணக்குப் போட்டவை, அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும். ஆரஞ்சுப் பல்பு இல்லையென்று வெள்ளைப் பல்பின் குமிழை அரத்தால் தேய்த்து மாட்டுகிற வேலைக்கும் சம்மதிக்காதீர்கள், அது ஆடி ஆடி நாலு நாளில் கழன்றுவிடும்.

போன் போடுகிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 அழைக்கலாம். எல்லா விளக்கும் செத்து வண்டி இருட்டில் நிற்கிறதென்றால் தயங்காமல் அழையுங்கள், ரோந்து வண்டி வந்து பின்னால் பாதுகாப்பாக நிற்பதே பெரிய உதவி. இன்ஷூரன்ஸோடு வருகிற சாலை உதவி பெரும்பாலும் டயர், பேட்டரி, இழுத்துப்போவது இவற்றுக்கானது. வருகிறவர் உங்கள் வண்டியின் பல்பைப் பையில் வைத்திருப்பார் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

சமாளித்து ஓட்டுவதைப் பலர் செய்கிறார்கள், அதனால் அதையாவது சரியாகச் செய்வோம். வலது பக்க ஹெட்லைட் போய் இடது மட்டும் எரிந்தால் எதிரே வருகிறவர் கண்ணுக்கு நம் கார் ஒரு பைக். அவர் அந்த பைக்குக்கு விட வேண்டிய இடத்தை மட்டும் விட்டு வருவார், நம் வண்டியின் வலது பாதி இருட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இடது பல்பைக் கழற்றி வலதில் போடுங்கள், இரண்டும் ஒரே பல்புதான். இடது பக்கத்தில் பார்க்கிங் விளக்கும் ஃபாக் விளக்கும் எரியட்டும். ஓரத்தில் நடக்கிறவர்கள் இப்போது நமக்குச் சரியாகத் தெரிய மாட்டார்கள், அதனால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். டிம் இழை மட்டும் போயிருந்தால் பிரைட் போட்டே ஓட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், எதிரே வருகிறவரைக் குருடாக்குகிற அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பின் இண்டிகேட்டர் போனால் முன்பக்கத்து பல்பு அதே வகையாக இருக்கும்பட்சத்தில் அதைக் கழற்றிப் பின்னால் போடலாம், லேன் மாறும்போது தகவல் தேவைப்படுவது பின்னால் வருகிறவருக்குத்தான். பின் இண்டிகேட்டரின் மூடியே ஆரஞ்சாக இருந்து உள்ளே வெள்ளைப் பல்பு இருக்கிற வண்டிகளில் ரிவர்ஸ் விளக்கின் பல்பைக் கடன் வாங்கலாம், பெரும்பாலும் அதே 21 வாட்தான். பகலில் வலது கையை நீட்டிச் சைகை காட்டலாம், ராத்திரியில் அது யார் கண்ணிலும் படாது. இதில் மிக மோசமான சமாளிப்பு, நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது. பின்னால் வலது பல்பு போயிருக்கும்போது ஹஸார்டு போட்டால் இடது மட்டும்தான் மின்னும். பின்னால் வருகிறவர் நாம் இடது பக்கம் ஒதுங்குகிறோம் என்று நினைத்து வலது வழியாக ஏறி வருவார். நாம் வலது பக்கம் திரும்பினால் கதை முடிந்தது.

எல்இடிக்கு மாற்றுகிற யோசனைக்கு வருவோம். ஆயுள் அதிகம், கரண்ட் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஹாலஜன் (எச்4 மாதிரி இழை உள்ள பல்பு) ஹெட்லைட்டின் கிண்ணமும் கண்ணாடியும் அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அதே இடத்தில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது, ஓட்டுகிறவருக்கு மட்டும் பளிச்சென்று தெரிவதால் நல்லது என்று தோன்றுகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. இண்டிகேட்டரில் போட்டால் லோடு குறைந்து, பல்பு போனதுபோலவே வேகமாக அடிக்கும், அதைச் சரிசெய்ய, குறைந்த லோடை ஈடுகட்டுகிற ரெசிஸ்டர் போடுவார்கள், அது பயங்கரமாகச் சூடாகும், பிளாஸ்டிக் பக்கத்தில் கட்டினால் பொசுங்கும். மூலையில் இருக்கிற நம்பர் பிளேட் விளக்குக்கு 5 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போடுகிறேன் என்றால் அது வேறு விஷயம், அதில் எனக்குப் பெரிய சண்டையில்லை.

ஆக என் வண்டி டேஷ்போர்டில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு ஹெட்லைட் பல்பு, பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒவ்வொன்று, 10, 15, 20 ஆம்ப் ஃப்யூஸ்கள் (சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்திலேயே தெரியும்), சின்ன டார்ச், பழைய துணி. ஹெட்லைட் பல்பு சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும், மற்றவை அதைவிட மலிவு. அட்டைப்பெட்டி குலுங்கி இழை அறுந்துவிடாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

புதிதாக வருகிற பல வண்டிகளில் ஹெட்லைட்டே சீல் செய்த எல்இடி, அதில் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது, முழு யூனிட்டும் ஆயிரக்கணக்கில் விலை. அந்த வண்டிக்காரர்களுக்கு நான் மேலே சொன்ன முதல் இரண்டு வழியும் ஹெட்லைட்டுக்கு உதவாது. ஃப்யூஸையும் கப்ளரையும் பார்க்கலாம், அதற்கு மேல் சர்வீஸ் சென்டர்தான். அவர்கள் ராத்திரி ஒரு பக்கம் போய்விட்டால் பக்கத்து ஊரில் ரூம் போட்டுத் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புவதுதான் சரி, அந்த வாடகை வீண்செலவு இல்லை. ஆனால் அதே வண்டியிலும் பின் இண்டிகேட்டரும் ரிவர்ஸ் விளக்கும் பழைய பல்பாகவே இருக்க வாய்ப்பு உண்டு, டிக்கியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.