மஞ்சள் மூடியா, ஆப்ட் 12-ஆ, ரோஷ்ஃபோர் 10-ஆ?

மஞ்சள் மூடி போட்ட பெல்ஜிய மடத்து பீரான வெஸ்ட்ஃப்லேட்டரன் 12 பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு பீரில் தொடங்காது. அதை வாங்கிய கதையில்தான் தொடங்கும். எத்தனை மணிக்கு ஆன்லைனில் காத்திருந்தார்கள், கார் நம்பரை எப்படிப் பதிந்தார்கள், மடத்து வாசலில் பெட்டியை எப்படிக் காரில் ஏற்றினார்கள் என்று நீளும். குடித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டால், "அருமை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை.

அதனால் போன மாதம் மூன்று பாட்டில்களை ஒரே மேஜையில் வைத்தேன். வெஸ்ட்ஃப்லேட்டரன் 12, சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12, ரோஷ்ஃபோர் 10. மூன்றும் 33 சென்டிலிட்டர் பாட்டில், மூன்றும் கரும்பழுப்பு, மூன்றும் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட்டோடு இரண்டாம் முறை நொதிப்பவை. இந்த வகையை இன்று எல்லாரும் குவாட்ருபெல் என்கிறார்கள். அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1991-ல் நெதர்லாந்தில் லா டிராப் பீர் காய்ச்சும் கோனிங்ஸ்ஹூவன் மடம். இந்த மூன்றும் அதற்கு முன்பே இருந்தவை. லேபிளில் உள்ள 10, 12 என்பவை ஆல்கஹால் அளவு என்று நினைத்துவிட வேண்டாம். நொதிக்கும் முன் உள்ள சாற்றின் அடர்த்தியைச் சொல்லும் பழைய பெல்ஜிய அளவுகோலிலிருந்து வந்த எண்கள் அவை. ஆல்கஹால் கணக்கு வேறு: வெஸ்ட்ஃப்லேட்டரன் 10.2 சதவீதம், ஆப்ட் 10, ரோஷ்ஃபோர் 11.3. ஒரு பாட்டில் குடித்தால் சாதாரண பீர் இரண்டு குடித்த கணக்கு. மூன்று பாட்டிலையும் ஒரே ஆள் ஒரே மாலையில் ஒப்பிட உட்கார்ந்தால் மூன்றாவதைப் பற்றி எழுத ஆள் மிஞ்ச மாட்டான். நாங்கள் மூன்று பேர் பகிர்ந்தோம். நான்காவதாக இருந்தவர் நண்பனின் அக்கா. அவர் குடிக்க மாட்டார், மோந்து மட்டும் பார்க்கிறேன் என்றார்.

கோப்பை எல்லாம் ஒரே மாதிரி, வாய் அகன்று கால் வைத்தது. அடியில் எண் எழுதி ஒட்டி, நண்பன் சமையலறையில் ஊற்றிக் கொண்டுவந்தான். முதல் தவறு அங்கேயே நடந்தது. பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டான். அக்கா மூன்றையும் வரிசையாக மோந்துவிட்டு, "இதுல ஒண்ணும் வரலையே தம்பி, ஐஸ் வாசனைதான் வருது" என்றார். சொன்னது சரி. நாலைந்து டிகிரி குளிரில் மூன்றும் இனிப்பும் காரமும் இல்லாத கோலா மாதிரி இருந்தன. அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினோம். 12 டிகிரியைத் தாண்டிய பிறகு மூன்றும் மூன்று திசையில் பிரிந்தன.

முதல் கோப்பையை அக்கா மூக்கருகே கொண்டுபோனதும் சொன்னார்: "வாழைப்பழம் தோல் கறுத்துப்போனா வருமே, அந்த வாசம்." இரண்டாவதுக்கு, "பேரீச்சம்பழம். அப்புறம் அதிரசத்துக்குப் பாகு வைக்கிற வீடு." மூன்றாவதில் கொஞ்ச நேரம் தயங்கினார். "மிளகு இருக்கு. மல்லி வறுத்த சட்டியும் இருக்கு. ஆனா இது ஏறுது தம்பி, கண்ணு வரைக்கும் ஏறுது."

மூன்றாவது ரோஷ்ஃபோர் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த மடத்தில் பீரில் மிகக் கொஞ்சமாகக் கொத்தமல்லி விதை சேர்ப்பார்கள். பல பேர் குடித்தும் கண்டுபிடிக்காத விஷயம் அது. பல வருஷம் மல்லி வறுத்த மூக்குக்கு முன்னால் என் டேஸ்டிங் நோட்டெல்லாம் சும்மா.

முதல் இரண்டில் எது எது என்பதில்தான் நான் கவிழ்ந்தேன். வாழைப்பழ வாசம் வந்ததை வெஸ்ட்ஃப்லேட்டரன் என்றேன். தப்பு, அது ஆப்ட். நண்பன் சிரித்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வது அவ்வளவு பெரிய அவமானமும் இல்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வெஸ்ட்ஃப்லேட்டரனில் உள்ள சின்ட் சிக்ஸ்டஸ் மடம் 1831-ல் தொடங்கியது. 1830-களின் கடைசியிலிருந்தே அங்கே பீர் காய்ச்சுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், வியாபாரம் பெருகினால் துறவு கெடும் என்று மடம் முடிவெடுத்தது. வெளிச்சந்தைக்குக் காய்ச்சி விற்கும் உரிமையை 1946-ல் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள வாட்டூ கிராமத்துக்காரரான எவாரிஸ்ட் டெகோனிங்கிடம் கொடுத்தது. அவர் அதுவரை பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்தவர். அந்தப் பாலாடைக்கட்டித் தொழிலும் ஒரு மடத்திலிருந்து வந்ததுதான். பிரான்சில் திருச்சபைக்கு நெருக்கடி வந்த காலத்தில் எல்லை தாண்டி வந்த துறவிகள் தொடங்கிவைத்து, 1934-ல் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது அது. பீர் தொழில் தொடங்கியபோது சின்ட் சிக்ஸ்டஸில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த மாத்யூ சஃப்ரான்ஸ்கி வாட்டூவுக்கு வந்து சேர்ந்தார். பக்குவம் அவரோடு வந்தது, ஈஸ்ட்டும் வந்தது.

1992-ல் உரிமம் முடிந்தது. டிராப்பிஸ்ட் (சின்ட் சிக்ஸ்டஸ் மடம் சேர்ந்திருக்கும் கத்தோலிக்கத் துறவிகள் சபை) என்ற பெயர் மடத்துச் சுவருக்குள் காய்ச்சியதற்கு மட்டும்தான் என்று டிராப்பிஸ்ட் மடங்கள் கறாராக நின்றன. 1997-ல் அவை சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அறுகோண முத்திரையும் கொண்டுவந்தன. அதற்கு விதிகள் மூன்று: மடத்துச் சுவருக்குள் செய்ய வேண்டும், துறவிகளோ அவர்கள் மேற்பார்வையிலோ செய்ய வேண்டும், வரும் காசு மடத்தின் பிழைப்புக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். ருசியைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கூட இல்லை. வாட்டூக்காரர்கள் அதே பீரைச் சின்ட் பெர்னார்டஸ் என்ற பெயரில் தொடர்ந்து காய்ச்சினார்கள். லேபிளில் ஒரு துறவி கோப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் மடம் எதுவும் கிடையாது. ஆப்ட் என்றால் மடாதிபதி. மடமே இல்லாத மடாதிபதி.

இனிமேல்தான் வேடிக்கை. வெஸ்ட்ஃப்லேட்டரன் துறவிகள் இன்று தங்கள் பீருக்கு ஈஸ்ட் கொண்டுவருவது நாட்டின் மறுகோடியில், ஆன்ட்வெர்ப் பக்கம் உள்ள வெஸ்ட்மாலே மடத்திலிருந்து. வாட்டூவிலோ, 1946-ல் சஃப்ரான்ஸ்கி கொண்டுபோன ஈஸ்ட்டின் வம்சத்தையே இன்றும் வளர்க்கிறார்கள். இவ்வகை பீரில் பழ வாசமும் கிராம்பு வாசமும் பெரும்பாலும் ஈஸ்ட் போடுவதுதான்; யாரும் பழம் சேர்ப்பதில்லை. அப்படியானால் பழைய சின்ட் சிக்ஸ்டஸ் பீரின் வாசனைக்கு வாரிசு யார்? சுவர் ஒரு பக்கம், ஈஸ்ட் இன்னொரு பக்கம். அக்கா மோந்த கறுத்த வாழைப்பழம் அந்தப் பழைய ஈஸ்ட்டின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சரி, வாய்க்கு வருவோம்.

ஆப்ட் 12 நாக்கில் உருண்டையாக விழுகிறது. நுரை தடிமனாக, மோர் சாதத்து ஆடை மாதிரி கோப்பை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் இனிப்பு, உலர்திராட்சை, வாழைப்பழம், நடுவில் அதிமதுரத்தின் சாயல், கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் கசப்பு. வாயு நிறைய இருப்பதால் அந்த இனிப்பு கனமாகத் தங்காமல் எழுந்து போகிறது. முதல் முறை குடிப்பவருக்கு நீட்டினால் மூஞ்சியைச் சுளிக்க மாட்டார். அதன் குறையும் இதுவேதான். கோப்பை பாதியான பிறகு புதிதாக எதுவும் வருவதில்லை. முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

வெஸ்ட்ஃப்லேட்டரன் 12 அப்படியில்லை. பேரீச்சை, அத்தி, கருகும் பதத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் இறக்கிய சர்க்கரைப் பாகு. ஆனால் விழுங்கிய பிறகு எதிர்பார்த்த இனிப்பு நாக்கில் இல்லை. வறண்டு, ரொட்டியின் மேல்தோல் மாதிரி ஒரு கசப்பில் முடிகிறது. இதற்குக் காரணம் அதே சர்க்கரைதான். பெல்ஜியத்தில் இந்த பீர்களில் போடும் கருஞ்சர்க்கரைப் பாகை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றுவிடும். இனிப்பு போய், நிறமும் மணமும் ஆல்கஹாலும் மட்டும் நிற்கும். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, மட்டும் வைத்து இந்தப் பத்து சதவீதத்தைத் தொட்டால் கஞ்சி மாதிரி தடித்துவிடும். மூன்று பீரிலும் இந்த உத்தி உண்டு. வெஸ்ட்ஃப்லேட்டரனில்தான் அது பளிச்சென்று தெரிந்தது. கோப்பை சூடேற ஏறப் புதுசு புதுசாக எதையாவது காட்டியதும் இதுதான். இருபது நிமிஷத்துக்குப் பிறகு கோகோ வந்தது.

ரோஷ்ஃபோர் 10 இந்தக் குடும்பச் சண்டையில் சேராதது. அது பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் பகுதியில், ஆர்டென் மலைகளை ஒட்டி இருப்பது. நோத்ர்-டாம் டி சேன்-ரெமி மடத்தில் பீர் காய்ச்சிய பதிவு 1595-க்குப் போகிறது. தண்ணீர் ட்ரிடேன் என்ற ஊற்றிலிருந்து. அதைக் காப்பாற்றப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியோடு மடம் கோர்ட் வரை போனது. 2010 டிசம்பரில் மடத்தில் பெரிய தீ விபத்து நடந்தும் பீர் காய்ச்சும் கட்டடம் தப்பியது. உள்ளே போய்ப் பார்க்க வெளியாருக்கு அனுமதி இல்லை. ஆனால் பாட்டிலை மட்டும் எங்கள் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டிலேயே எடுத்துவிடலாம்.

அதன் ருசி மற்ற இரண்டையும் விட முரட்டுத்தனம். அத்திப்பழம், கறுப்பு சாக்லேட், மிளகு, போர்ட் ஒயின் ஞாபகம், தொண்டைக்குக் கீழே இறங்கும் சூடு. 11.3 சதவீதத்தை அது மறைப்பதே இல்லை. புதுசாகக் குடித்தால் மூன்றில் கடைசி இடம் இதற்குத்தான் தருவேன். ஆனால் மூன்று வருஷம் கழித்துத் திறந்த ஒரு பாட்டிலை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சூடு எல்லாம் பழத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. வாங்கி வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: நிற்க வைத்து, இருட்டில், 12-லிருந்து 14 டிகிரி வரையில்.

வைப்பது என்றதும் ஒரு எச்சரிக்கை. சுற்றுலாக்காரர்கள் நடமாடும் தெரு ஒன்றில், ஷோகேஸில் வெயில் பட நின்ற மஞ்சள் மூடி பாட்டிலை எக்கச்சக்க விலை கொடுத்து ஒருமுறை வாங்கினேன். திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். மடத்துப் பிழை இல்லை, என் பேராசைக்குக் கிடைத்தது. வெப்பம் ஒரு பாட்டிலை எவ்வளவு சீக்கிரம் கிழடாக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இந்த மறுவிற்பனையை வெஸ்ட்ஃப்லேட்டரன் மடம் விரும்புவதே இல்லை. 2005-ல் பீர்களுக்கு மார்க் போடும் ரேட்பீர் இணையதளம் வெஸ்ட்ஃப்லேட்டரன் 12-ஐ உலகின் சிறந்த பீர் என்று சொன்னபோது வாசலில் கார்கள் குவிந்தன. மடம் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டது. கட்டடம் புதுப்பிக்கக் காசு வேண்டியிருந்தபோது மட்டும் 2011, 2012-ல் ஒருமுறை கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் விட்டது. 2018-ல் ஒரு டச்சு சூப்பர்மார்க்கெட் பாட்டில் ஒன்றை 9.95 யூரோவுக்கு விற்று வம்பில் மாட்டியது. மடத்து வாசல் விலை அப்போது இரண்டு யூரோவுக்கும் கீழே.

எனவே எது வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் நேரானது இல்லை. கோப்பையில் இருப்பதை மட்டும் வைத்து மார்க் போட்டால் வெஸ்ட்ஃப்லேட்டரன் ஒரு நூல் முன்னால். அந்த ஒரு நூலுக்கு இடைத்தரகரிடம் ஐந்து மடங்கு விலை தருவது வீண். மடத்துக்கு எதிரே 'இன் டி ஃப்ரேடே' என்ற மடத்துக் காஃபே இருக்கிறது; முன்பதிவு, கார் நம்பர் எதுவும் இல்லாமல் அங்கே உட்கார்ந்து அந்த பீரையே குடிக்கலாம், கூட மடத்துப் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். அந்தப் பக்கம் போக வழியில்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு ஆப்ட் 12 வாங்கலாம். விருந்தினர் வரும் வீட்டுக்கும் அதுதான். ரோஷ்ஃபோர் பொறுமைசாலிகளுக்கு.

மிச்சம் ஒன்று. மூன்று பாட்டிலிலும் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவதுதான் என் பழக்கம். அன்று மூன்றின் அடியையும் ஒரே கோப்பையில் சேர்த்து ஊற்றி நண்பன் குடித்தான். கலங்கலாக, புளித்த தோசை மாவு வாசத்தோடு இருந்தது. "இதை மட்டும் மோந்து பார்க்கலாம்போல" என்று சொல்லி அக்கா கோப்பையை வாங்கிக்கொண்டார்.