குட்டி யானைக்கு எது சரி: தேர்டு பார்ட்டியா, ஃபுல்லா, 23 சேர்த்த ஃபுல்லா?

வண்டி இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்று ஏஜென்ட் போன் செய்தால், நம்மில் பலரும் முதலில் கேட்பது "தேர்டு பார்ட்டி எவ்வளவு, ஃபுல் எவ்வளவு?" என்பதுதான். தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு, ஃபுல் என்பது அதோடு நம் வண்டிக்கும் சேர்த்து. அவர் இரண்டு தொகை சொல்வார், நாம் சின்னதைப் பிடித்துக்கொள்வோம். எங்கள் கடைக்கு இரண்டு குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரி சின்னச் சரக்கு வண்டி) ஓடுகிறது, நானும் பல வருஷம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு தொகையைப் பிரித்துப் பார்த்தால் கணக்கே வேறு.

தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசுதான் அறிவிக்கிறது. 2022 ஜூனில் வந்த அறிவிப்பின்படி, லோடோடு சேர்த்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி, வாடகைக்கு ஓடுவதாக இருந்தால், வருஷத்துக்கு 16,049 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் விலை. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தாலும் அதற்குள் இதே 16,049 இருக்கும். அதனால் "ஃபுல் ரொம்ப ஜாஸ்தி" என்று சொல்கிறவர் ஒப்பிட வேண்டியது மேலே ஏறுகிற ஓ.டி. (ஓன் டேமேஜ், நம் வண்டிச் சேதத்துக்கான கட்டணம்) தொகையை மட்டும்தான். 3 லட்சம் ஐ.டி.வி. (பாலிசியில் போடும் வண்டியின் மதிப்பு) போட்ட ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு, பழைய டாரிஃப், அதாவது முன்பு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல் கணக்கில் ஏறக்குறைய 1.75 சதவீதம், அதாவது 5,250 ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி வித்தியாசப்படுவது இந்த இடத்தில்தான், கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்கான நோ கிளெய்ம் போனஸ் 20-லிருந்து 50 சதவீதம் வரை கழிவதும் இதில்தான்.

தேர்டு பார்ட்டியைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. நம் வண்டி இடித்து ஒருவர் இறந்துவிட்டால், எம்.சி.ஓ.பி. கேஸில் (விபத்து இழப்பீட்டு வழக்கில்) தீர்ப்பாயம் எவ்வளவு போட்டாலும் கம்பெனி கட்டும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் 7.5 லட்சம் வரை. குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடிய செலவு இதுதான், அதனால்தான் சட்டம் இதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், ஜெயிலுக்கும் இடம் உண்டு. ஆனால் நம் வண்டிக்கு இதில் ஒரு ரூபாய்கூட வராது. திருடு போனாலும் எரிந்துபோனாலும் நஷ்டம் நம்முடையது.

சரி, ஃபுல் எடுத்தால் எல்லாம் வந்துவிடுமா? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். போன வருஷம் மழை நாளில் எங்கள் டிரைவர் தம்பி, சடன் பிரேக் போட்ட லாரியின் பின்னால் போய்ச் சொருகிவிட்டான். நல்லவேளை, அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஒர்க்ஷாப்பில் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் எஸ்டிமேட்டை கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கோடு போட்டார். பம்பர், ஹெட்லைட் இரண்டும், மட்கார்டு, பெயின்ட் எல்லாவற்றின் மேலும் கோடு. முன் கண்ணாடிக்கும் ஸ்டியரிங் வேலைக்கும் மட்டும் டிக். "சார், இது ஃபுல் இன்சூரன்ஸ்" என்றேன். பாலிசியைத் திருப்பிக் காட்டி, "23 போடவில்லையே அண்ணே" என்றார்.

அந்த 23 என்பது ஐ.எம்.டி. 23, பாலிசியில் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கிற ஒரு பிரிவு. அதைப் பற்றி ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. சொந்த உபயோகக் காரில் பம்பரும் லைட்டும் ஃபுல்லுக்குள் தானாகவே வரும். கமர்ஷியல் வண்டியில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் இதெல்லாம் வண்டி மொத்தமாகப் போனாலொழிய வராது. அதைச் சேர்க்க ஓ.டி.க்கு மேல் 15 சதவீதம் கட்ட வேண்டும். மேலே சொன்ன 5,250 கணக்கில் அது 800 ரூபாய்கூட இல்லை! சந்துபொந்தில் ஓடும் குட்டி யானையில் அடிக்கடி அடிவாங்குவதே பம்பரும் லைட்டும்தான். முழுத் தொகையும் வந்துவிடாது, பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், டயர் மட்டும் தனியாக வெடித்தால் தரவும் மாட்டார்கள். இருந்தாலும் 23 இல்லாத ஃபுல்லை நான் இனி எடுக்க மாட்டேன்.

இன்னொரு சபலமும் இருக்கிறது. சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றும் பிரைவேட் கேரியர் என்று போட்டால் அதே எடைக்கு தேர்டு பார்ட்டி 8,510 தான், கிட்டத்தட்ட பாதி. நிஜமாகவே உங்கள் கடைச் சாமான் மட்டும் போகிறதென்றால் தாராளமாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாடகை லோடு அடிக்கிற வண்டிக்கு வேண்டாம். அந்த லோடோடு போகும்போது அடிபட்டால், பாலிசியில் எழுதிய உபயோகத்தை மீறிவிட்டீர்கள் என்று கம்பெனி கையை விரிக்கும்.

எந்த பாலிசி எடுத்தாலும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட வந்தால் கவர் உண்டு. லோடுமேன்களுக்குத் தனியாகத் தலைக்குச் சொற்பத் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், தயவுசெய்து சேருங்கள், அவர்கள்தான் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறார்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் நிம்மதி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதால், பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி) இல்லை என்று கிளெய்மைத் தள்ளுவது இனி கஷ்டம். அப்புறம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியைப் பாருங்கள், வண்டி 3,000 கிலோவுக்கு மேல் என்றால் பர்மிட்டையும். ஏற்றியிருக்கும் சரக்கு இந்த பாலிசி எதிலும் வராது, அதற்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் தனி.

இப்போது எங்கள் இரண்டு வண்டிக்கும் ஒரே பாலிசி இல்லை. மூன்று வருஷ வண்டிக்கு 23 சேர்த்த ஃபுல். பன்னிரண்டு வருஷ வண்டிக்குத் தேர்டு பார்ட்டியும் டிரைவர், லோடுமேன் கவரும் மட்டும், ஏனென்றால் பத்து வருஷம் தாண்டினால் இரும்பு சாமானுக்கே 50 சதவீதம் தேய்மானம் போய்விடும், அதற்கு ஓ.டி. கட்டுவதைவிட அந்தப் பணத்தை பிரேக்குக்கும் டயருக்கும் போடுகிறேன்.