காந்தலில் ஒன்றரை சென்ட் வீடு: இரண்டு வருடம் குடியிருந்த பிறகு

மார்க் மட்டும் போதும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு 5-க்கு 3. ஏரியாவுக்கு 4. புரோக்கருக்கு 1. அந்த ஒன்றும், மழையில் நனைந்து நின்றபோது தன் குடையைக் கொடுத்தாரே, அதற்காக.

நான் ஊட்டியில் வயரிங் வேலை பார்க்கிறேன். பதினேழு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சுவரை உடைத்துப் பைப் பதிப்பதுதான் பிழைப்பு. அம்மா, மனைவி, பையன், நான் என்று நாலு பேரும் பெர்ன்ஹில் பக்கம் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சீசன் வந்தால் வீட்டுக்காரர் முகமே மாறிவிடும். "ரெண்டு மாசம் காலி பண்ணிக் கொடு தம்பி, டூரிஸ்ட்டுக்கு விட்டா ஒரு வருஷ வாடகை வந்துடும்" என்று ஒரு ஏப்ரலில் கேட்டேவிட்டார். அன்றைக்கே வீடு தேட ஆரம்பித்தோம்.

ஊட்டிக்கு வந்துபோகிறவர்களுக்குக் காந்தல் என்றால் குருசடி, இல்லாவிட்டால் காசி விஸ்வநாதர் கோயில். உள்ளூர்க்காரர்களுக்கு முக்கோணம் ஜங்ஷன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், ஓட்டல் சமையல்காரர், டாக்சி டிரைவர், கேரட் கழுவப் போகிறவர், தையல்காரர் எல்லோரும் நெருக்கியடித்து வாழும் பள்ளம் இது. எங்களைப் போன்றவர்கள் டவுனுக்குப் பக்கத்தில் சொந்த வீடு என்று வாய்விட்டுப் பேச முடிகிற இடங்களில் ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்கு மினி பஸ் உண்டு. அதைத் தவறவிட்டால் நடந்தும் போய்விடலாம்.

பதினோரு வீடு பார்த்தோம். அதில் நாலு, பத்திரமே இல்லாத வீடுகள். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாறியவை. "வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்ட் கார்டு இருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்றார் புரோக்கர். கரண்ட் கார்டு யார் பெயரில் இருந்தாலும் அது நிலத்துக்கு உரிமை ஆகாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி ரசீது கிடைக்கும். இது என் தொழிலிலேயே எனக்குத் தெரியும் என்பதால் தப்பித்தேன். ரேட் பாதிதானே என்று எட்டு லட்சத்துக்கு அப்படி ஒன்றை வாங்கிய என் நண்பன், இன்றுவரை அதை வைத்து ஒரு பேங்க்கிலும் லோன் எடுக்க முடியாமல் திரிகிறான்.

நாங்கள் வாங்கியது ஒன்றரை சென்ட், அதாவது 650 சதுர அடிக்குச் சற்று மேல். அதில் 480 அடிக்கு வீடு. கருங்கல் சுவர், பாதி தளம், பாதி தகரக் கூரை. 2023 டிசம்பரில் பதிந்தோம். விலை பதினெட்டரை லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்தே 1,66,500 ரூபாய். புரோக்கர், வக்கீல், பத்திர எழுத்தர் எல்லாம் முடிந்தபோது 20 லட்சத்து 50 ஆயிரத்தைத் தொட்டது. 2025 ஏப்ரலில் இருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு என்று செய்தி வந்ததும், "கொஞ்சம் பொறுத்திருந்தா என் பேர்ல வாங்கியிருக்கலாம்ல?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அந்தச் சலுகை 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான் என்று காட்டிய பிறகே அன்று காபி கிடைத்தது.

லோன் கதை நீளம். சுருக்கமாகச் சொன்னால், பட்டா மூன்று அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக இருந்தது. பாகப்பிரிவினைப் பத்திரமும் இருந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி இருப்பதை யாரும் வாய் திறக்கவில்லை. வில்லங்கச் சான்றிதழில் அதெல்லாம் வராது, வாரிசுச் சான்றிதழில்தான் தெரியும். அந்த அம்மா வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை மூன்று மாதம் இழுத்தது. அவருக்கு அண்ணன்கள் என்ன கொடுத்தார்களோ, அழுதுகொண்டேதான் போட்டார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

விற்பவர்கள் பெயிண்ட் அடித்துத்தான் காட்டுவார்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்ப்பேன். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பெட்டிக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு யார் அடிப்பது? ஸ்க்ரூ துருவேறி, பெட்டிக்குள் பச்சை பூத்திருந்தால் அந்தச் சுவர் ஓதம் குடிக்கிற சுவர். கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் ஆர்சிசிபி சுவிட்ச் மழைக்காலத்தில் விழுந்துகொண்டே இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். இந்த வீட்டில் முன்னறை போர்டு சுத்தமாக இருந்தது. சமையலறை போர்டு அழுகிப்போயிருந்தது. சமையலறைக்குப் பின்னால் மேல் வீட்டைத் தாங்கும் தடுப்புச்சுவர். அதைச் சொல்லித்தான் ஒன்றரை லட்சம் குறைத்துப் பேசினேன். பெருமையாகத்தான் இருந்தது, முதல் ஆடி மழை வரும்வரை.

தடுப்புச்சுவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மலையில் உங்கள் வீட்டுச் சுவர் நாலு அல்ல, ஐந்து. மழையில் ஊறிய மண் வெயில் காலத்து மண்ணைவிட எவ்வளவோ கனம். உள்ளே தேங்கும் தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் சுவரில் ஓட்டை விட்டுக் கட்டுகிறார்கள். அடைமழையில் அந்த ஓட்டைகளில் தண்ணீர் வடிந்தால் பயமில்லை. வடியாமல் காய்ந்து கிடந்தால் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தும், வீட்டை மட்டும் மார்ச் மாத வெயிலில் போய்ப் பார்த்தேன். ஜூலையில் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் சுவரில் ஆறு ஓட்டை, நாலு அடைப்பு. கம்பி விட்டுக் குத்தி எடுத்தபோது செம்மண் குழம்பாகக் கொட்டியது. மேல் வீட்டு அக்கா துணி துவைக்கும் தண்ணீர் முழுவதும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மேல் வீட்டுத் தண்ணீர் அவர் சுவருக்குப் பின்னால்.

"பின்னாடி மாடி எழுப்பிக்கலாம் தம்பி" என்று புரோக்கர் சொன்னதை நம்பி வாங்காதீர்கள். மலைப்பகுதியில் கட்டடத்துக்கு 7 மீட்டர் உயர வரம்பு உண்டு. இடத்தைச் சமப்படுத்த ஜேசிபி கொண்டுவரவும், போர் போடவும் உங்கள் இஷ்டத்துக்கு முடியாது. அதற்கெல்லாம் மேலே, பழைய கருங்கல் அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று மேஸ்திரி ஒருவரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்.

குளிர் இங்கே தனி ரகம். ஊட்டியே 2,240 மீட்டர் உயரம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால்தான் உறைபனிச் செய்தி வரும்போதெல்லாம் காந்தல் பெயரும் தவறாமல் வருகிறது. ஜனவரியில் தகரத்தின் மேல் உப்பைத் தூவியது போல் இருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அது உருகி, தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக அம்மாவின் கட்டிலில் சொட்டும். பாதிக்கூரைக்கும் தளம் போட இன்னும் பணம் சேரவில்லை. வெயில் வரும் பக்கம் எது என்று பார்த்து வாங்குங்கள். எதிர்ச்சரிவில் இருக்கும் வீடுகளில் மழை மாதங்களில் துணி நாலு நாளானாலும் காயாது.

ஏரியாவுக்கு ஏன் 4 என்றால், அதற்குக் காரணம் வீடு அல்ல. தமிழ், படுகு, கன்னடம், மலையாளம், உருது எல்லாம் ஒரே படிக்கட்டில் கேட்கும். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நான் குன்னூரில் வேலையில் இருந்தேன். செய்தி எனக்கு வருவதற்குள் எதிர்வீட்டு டாக்சிக்காரத் தம்பி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். டாக்சி வாடகை எவ்வளவு என்று நான் கேட்டதற்கு அடிக்க வந்தான். பெர்ன்ஹில்லில் ஒன்பது வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு மார்க் குறைத்தது, மழை வலுத்தால் முக்கோணத்தில் தேங்கும் தண்ணீருக்காக. பையனைப் பள்ளிக்கு முதுகில் தூக்கிப் போன நாளும் உண்டு.

கடைசியாக அந்தத் துணி துவைக்கும் தண்ணீர். போன மாதம் நானும் மேல் வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று இன்ச் பைப் பதித்து, தண்ணீரைப் படிக்கட்டு ஓரக் கால்வாயில் விட்டோம். 4,200 ரூபாய் ஆனது. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அவர் ஆயிரம் கொடுத்தார். மீதிக்கு அக்கா வாரம் ஒரு பாக்கெட் வர்க்கி கொண்டுவந்து கொடுக்கிறார். அம்மா கணக்கு வைத்திருக்கிறாள்.